தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்: ஒரு சிற்றூர்ச் சபையின் முந்நூறு ஆண்டுகள்

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில், கோட்டை வாயிலைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் கிங்ஸ் தெருவில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. முகப்பில் ஒரு மகுடமும், அதன் கீழே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் பெயர்ச் சின்னமும், 1718 என்ற ஆண்டும் சுதையில் பதிந்திருக்கின்றன. தமிழர்களுக்கென்று, தமிழிலேயே வழிபாடு நடத்துவதற்காகச் சீர்திருத்தச் சபையார் கட்டிய கோயில்களில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் மிகப் பழைய கோயில்களுள் இது ஒன்று. மகுடத்துக்குரிய அரசு 1845இல் இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. சபை மட்டும் போகவில்லை. அரசு போன பிறகும் சபை நிலைத்ததற்குக் காரணம் மகுடத்தில் இல்லை. அந்தக் கோயிலுக்குள் வந்து அமர்ந்த தமிழ் உபதேசியார்கள், வாத்தியார்கள், போதகர்கள், படிக்கக் கற்ற குடும்பங்கள் ஆகியோரிடத்தில்தான் அது இருக்கிறது.

ஊர் கோயிலுக்கு மிக முந்தியது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வழங்கப்படுகிறது. டேனியர் வந்தது 1620இல். ஓவே ஜெட்டே என்ற கப்பற்படைத் தலைவர் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுக் குத்தகைக்கு ஊரைப் பெற்று, டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார். மிளகும் துணியும்தான் அவர்கள் நோக்கம். அடுத்த எண்பத்தைந்து ஆண்டுகள் டேனியர் தங்கள் சமயத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 1701இல் அவர்கள் கட்டிய சீயோன் ஆலயமும் டேனியக் கம்பெனி அதிகாரிகளுக்கும் கோட்டைச் சிப்பாய்களுக்கும் உரியதாகவே இருந்தது.

அந்த நிலையை மாற்றியவர் அரசர். இந்தியாவில் தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மக்களுக்குப் போதகர் வேண்டும் என்று நான்காம் பிரெடரிக் எண்ணினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்காததால் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தாரிடம் தேடினார்கள். ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அநாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச் சாலையும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நிறுவனத்தை நடத்திவந்தார். சமயப் பணி என்றால் பள்ளியும் புத்தகமும் என்ற எண்ணம் அங்கே ஊறியது. அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24.

கரையில் வரவேற்பு இல்லை. கம்பெனிக்குத் தன் வணிகம் பெரிது. சமயப் பூசல் வந்தால் தஞ்சை அரசோடு உறவு கெடும் என்ற அச்சமும் இருந்தது. அரசரின் ஆணையோடு வந்த இருவரையும் தளபதி ஹாசியஸ் தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்த்தார். இந்தப் பகை முற்றி 1708 நவம்பரில் சீகன்பால்கு கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதம் கழிந்தே வெளியே வந்தார்.

சிறைக்குப் போகும் முன்பே அவர் தமிழ் மாணவராகிவிட்டிருந்தார். மொழி கற்பதற்கு இலக்கணப் புத்தகம் இல்லை; அகராதி இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் இருப்பிடத்திலேயே வந்து பள்ளி நடத்தச் செய்தார்கள். சிறுபிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தை வரைய, இரண்டு ஜெர்மானியரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே எழுத்துக்களை வரைந்தார்கள். போர்ச்சுக்கீசியம் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி பொருள் சொன்னார். பிறகு ஓலைச்சுவடிகள் வந்தன. சீகன்பால்கு வாங்கியும் நகலெடுத்தும் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு விளக்கப் பட்டியலே எழுதினார். அதே ஆண்டில் உலக நீதி, கொன்றை வேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரின் அறநூல்களை ஐரோப்பிய மொழி ஒன்றில் கொண்டுசென்ற முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால் 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை ஹாலேயார் அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பியவர் அதைப் பரப்பலாமா என்பது அவர்கள் கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

அந்தத் திண்ணைப் பள்ளி வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியாரும் இந்தக் கல்விச் சூழலில் இழுக்கப்பட்டவர். பாட்டு கட்ட வல்லவர். 1709இல் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது உறவினரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சபை என்பது மனிதர் மனத்தோடு மட்டும் நிற்கும் செய்தி அல்ல. உறவு, பந்தி, மணம், இழவு என எல்லாவற்றையும் அது அசைத்தது என்பதைத் தொடக்க ஆண்டுகளின் இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

சபையின் முதல் ஞானஸ்நானம் 1707 மே 12இல் நடந்தது. டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள் ஐவர் திருமுழுக்குப் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14இல் முதல் கோயில் பிரதிஷ்டையாயிற்று. அதற்கு இட்ட பெயர் எருசலேம். செப்டம்பர் 5இல் வளர்ந்த தமிழர் ஒன்பது பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். வழிபாடு தமிழிலும் போர்ச்சுக்கீசியத்திலும் நடந்தது. போர்ச்சுக்கீசியம் அன்று கடற்கரைப் பட்டினங்களில் பலர் பேசிய பொதுமொழி. நாகப்பட்டினம் வழியாக வந்த அந்த மொழியில்தான் கம்பெனி வேலைக்காரரும் கலப்புக் குடும்பத்தாரும் பேசிக்கொண்டார்கள். இரண்டு மொழி, பல சாதி, அடிமையும் எசமானும் கலந்த அந்தச் சிறுகூட்டத்தில்தான் இந்தச் சபையின் வேர் இருக்கிறது.

முதல் கோயில் சிறியது. கடலுக்கு அருகில் இருந்தது. 1715இல் வந்த கடல் வெள்ளத்தில் அது சேதமுற்றது. இந்தக் கரையில் கடல் மண்ணைத் தின்றுகொண்டே இருக்கும்; மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியும் அப்படித்தான் போயிற்று. ஐரோப்பாவுக்குச் சென்றிருந்த சீகன்பால்கு 1716இல் திரும்பியதும் புதுக் கோயிலுக்கு இடம் பார்த்தார். 1717 பிப்ரவரி 9இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சிலுவை வடிவத்தில் கட்டப்பட்ட அதன் நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். உள்ளே அலங்காரம் மிகக் குறைவு; பிரசங்க பீடம்தான் கண்ணுக்குப் படும். போதகரின் குரல் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்ற லுத்தரன் மனநிலைக்கு ஏற்ற கட்டிடம் அது. கோயிலை முடித்த சீகன்பால்கு அதில் ஐந்து மாதம்கூடப் பிரசங்கிக்கவில்லை. 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் காலமானார். பலிபீடத்தின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறுஆண்டே உடன் ஊழியரான கிருண்ட்லரும் இறந்து அதே கோயிலில் அடக்கமானார்.

அந்தச் சிலுவை வடிவம் எதற்குப் பயன்பட்டது என்பதை நேர்மையாகச் சொல்லாமல் விடமுடியாது. நான்கு கைகள் இருந்ததால் ஆண், பெண், ஐரோப்பியர், தமிழர் என்று பிரித்து அமர வைக்க வசதியாயிற்று. வெள்ளாளர் முதலிய சாதியார் ஒருபுறமும் பறையர் ஒருபுறமும் இடைவெளி விட்டு அமர்ந்தார்கள். திருவிருந்தின்போது யார் முதலில் அணுகுவது என்பதிலும் அந்த வேறுபாடு இருந்தது. போதகர்கள் அதைச் சமய விதியாகச் சொல்லவில்லை. ஊர் வழக்கம் என்று பொறுத்துப் போனார்கள். அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் சபையின் மிக உழைப்பாளி உறுப்பினர்கள். அதன் எடுத்துக்காட்டு பின்னே வரும் இராஜநாயக்கன்.

கோயிலைப் போலவே அச்சகமும் சபையின் பகுதி. தமிழ் அச்சுக்கு இது தொடக்கம் அல்ல. 1578இல் கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் அச்சேறிவிட்டது. ஆனால் அந்த மரபு அறுந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் 1711இல் ஒரு அச்சு இயந்திரத்தை அனுப்பியது. அது ஏறிவந்த கப்பலை ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. கூடவே வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் வந்து சேர்ந்தபோது ஓட்ட ஆள் இல்லை. கோட்டைக் காவலில் இருந்த ஒரு சிப்பாய் முன்பு அச்சுத் தொழில் கற்றவர் என்று தெரிந்து அவரை அமர்த்திக்கொண்டார்கள். 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்களும் அச்சுத் தெரிந்த ஆட்களும் வந்து சேர்ந்தனர். ஹாலே எழுத்து மிகப் பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் அமைந்தது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது அதுவே முதல்முறை. சீகன்பால்கு விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு வேலையைப் பின்வந்த போதகர் பெஞ்சமின் சூல்ட்சே 1720களில் முடித்து வெளியிட்டார்.

அதே ஆண்டுகளில் சீகன்பால்கும் கிருண்ட்லரும் கற்றறிந்த தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் கேட்டார்கள். கல்வி, மருத்துவம், உழவு, பெண்கள் நிலை, தெய்வ வழிபாடு, ஐரோப்பியரைப் பற்றிய கருத்து என்று எல்லாவற்றைப் பற்றியும் கேட்டார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. அவற்றில் தமிழர் அடங்கிப் பேசவில்லை. வெள்ளைக்காரர் குடிப்பதையும் மாட்டிறைச்சி உண்பதையும் சொல்லி, இவர்கள் சமயம் எப்படி மேலானது என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. அன்றைய காவிரி டெல்டா மக்களின் எண்ணத்தை அவர்கள் வாயாலேயே அறிய இதைவிடச் செறிவான சான்று அந்தக் காலத்துக்கு அரிது.

எதிர்ப்பு இந்துக்களிடமிருந்து மட்டும் வரவில்லை. கத்தோலிக்கர் இந்தக் கரையில் ஒன்றரை நூற்றாண்டு மூத்தவர்கள். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் லுத்தரன் கொள்கையை மறுத்து வேதவிளக்கம், லுத்தரினத்தியல்பு என்னும் உரைநடை நூல்களை எழுதினார். தரங்கம்பாடியாரும் பதில் எழுதினார்கள். இரு தரப்பும் மக்களுக்குப் புரியும்படி வாதிட வேண்டியிருந்ததால் தமிழ் உரைநடை இந்தச் சண்டையில் பயிற்சி பெற்றது. சமயப் பூசலின் கசப்பு மறைந்துவிட்டது, உரைநடை மிஞ்சியது.

தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பியப் போதகர்களுக்கு நுழைவு எளிதாக இல்லை. தரங்கம்பாடியின் ஆட்சிப் பரப்போ மிகச் சிறியது, சில கிராமங்கள். அதைத் தாண்டி ஒரு சபை வளர்ந்தது என்றால் நடந்து போன தமிழர்களால்தான். அவர்களில் தலையாயவர் இராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து தஞ்சைப் படையில் பணிபுரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேத பாகம் கையில் கிடைக்க, அதைப் படித்து 1728 அளவில் லுத்தரன் சபையில் சேர்ந்தார். தஞ்சைச் சீமை முழுவதும் சபைகள் எழ அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக உழைத்தார், அடியும் பட்டார்.

1733இல் தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் நேரம் வந்தது. தகுதியுள்ளவர்களாக மூவர் பெயர்கள் எழுந்தன: ஆரோன், தியோகு, இராஜநாயக்கன். இராஜநாயக்கன் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர் சம்மதிக்க மாட்டார்கள் என்ற காரணத்தால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கடலூர் வெள்ளாளர் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்து 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28இல் இந்தியாவின் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் போதகராகப் பட்டம் பெற்றார். மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) பக்கத்துச் சபைகளை அவர் 1745இல் இறக்கும்வரை கவனித்தார். 1741இல் தியோகு பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார். ஆரோனின் தகுதியில் குறை ஏதும் இல்லை. அவர் நல்ல ஊழியர். ஆனால் அந்த ஆண்டு சபை எடுத்த முடிவு பிழையானது. அதன் நிழல் அடுத்த நூற்றாண்டிலும் நீண்டது.

தரங்கம்பாடியிலிருந்து சபை பல திசைகளில் கிளைத்தது. சூல்ட்சே 1720களில் சென்னை சென்று அங்கே பணி தொடங்கினார். பின்னர் போதகர் பப்ரிசியஸ் வேப்பேரியில் வேதாகமத்தைச் செம்மைப்படுத்தி, பாட்டுப் புத்தகமும் 1779இல் அகராதியும் தந்தார். பொறையாறில் 1746இல் பெத்லகேம் ஆலயம் எழுந்தது. 1768இல் மருத்துவராக வந்த கோனிக் தாவரவியலார் லினேயசின் மாணவர். அவரும் பின்வந்த ராட்லரும் சோழநாட்டுச் செடிகளை உலக அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். ராட்லரின் தமிழ் அகராதி 1830களில் வெளியாயிற்று.

இந்தக் கிளைகளில் டெல்டாவுக்கு மிக முக்கியமானது தஞ்சை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த போதகர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1762 அளவில் திருச்சிக்கும் 1778இல் தஞ்சைக்கும் போய்ச் சேர்ந்தார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தில் 1779இல் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். 1781இல் ஹைதர் அலியின் படை சீமையைச் சூறையாடியபோது உழவர் ஊரை விட்டு ஓடினார்கள், மதகுகள் பாழாயின. ஆங்கிலக் கம்பெனியின் வாக்கையும் அரசின் வாக்கையும் நம்பாத உழவர் சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கை நம்பி ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள் என்பது அவர் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. இளவரசர் சரபோஜிக்கு அவர் காவலராக இருந்தார். 1793இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1798 பிப்ரவரி 13இல் சுவார்ட்ஸ் இறந்தார். பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சரபோஜி செய்வித்த பளிங்குச் சிற்பம் அந்த ஆலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை அரசர் பற்றி நிற்கும் காட்சி அது. இந்து அரசர் ஒருவர் கிறிஸ்தவக் கோயிலில் தம் ஆசானுக்கு எடுத்த நினைவுச் சின்னம் என்பதால் தமிழ்நாட்டில் அதற்கு இணை இல்லை.

சுவார்ட்ஸின் மாணவர்களில் தமிழுக்கு நிலைத்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸுடன் தஞ்சைக்கு வந்து, தரங்கம்பாடியிலும் பயின்று, தஞ்சைச் சபையின் புலவரானார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி 1800இல் எழுந்தது. கோள்களின் இயக்கத்தைப் புதிய வானியலின்படி குறவஞ்சிச் சந்தத்தில் பாடியது அக்காலத் தமிழுக்குப் புதுமை. அவருடைய பாட்டுகளை டெல்டாச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

தஞ்சைப் பணியின் கிளைகள் தெற்கே ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கண்ணந்தங்குடியையும் பட்டுக்கோட்டைப் பக்கத்து அணைக்காட்டையும் எட்டின. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் எஸ்.பி.ஜி. சங்கத்தின் தஞ்சைப் பணித்தளங்களில் இவ்விரண்டும் இடம்பெற்றன. இன்றைய பேராவூரணி வட்டாரமும் அன்று அந்தப் பரந்த பட்டுக்கோட்டைச் சீமையோடு சேர்ந்தது. பழைய காவிரிப் பாசனம் அங்கே எட்டவில்லை. ஏரியும் மானாவாரியும்தான் பிழைப்பு. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகே அது நெல் சீமையாயிற்று. அதுவரை மக்கள் சிதறிக் கிடந்த பகுதியில் சபைகளும் சிறிதாகவே இருந்தன. சேதுபாவாசத்திரத்தை அடுத்து சரபோஜி எழுப்பிய மனோரா கோபுரத்தை எல்லாரும் அறிவார்கள். அதே காலத்து உபதேசியார் பயணங்களை அறிந்தவர் குறைவு. நாற்பது ஐம்பது மைல் நடந்து, ஒரு கிராமத்தில் நாலு வீட்டைக் கூட்டி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் போன அவர்களால்தான் கிராமத்துச் சபைகள் உண்டாயின. பெரும்பாலான கிராமச் சபைகள் நிலமில்லாத பண்ணையாட்களின் சபைகள். கோயில் நிலமும் மிராசும் நிறைந்த டெல்டாவில் அவர்கள் கையில் பட்டா கிடையாது. சபைப் பள்ளியில் கிடைத்த எழுத்தே அவர்கள் முதல் சொத்து.

தஞ்சைச் சீமையில் இன்னொரு சீர்திருத்தப் பிரிவான பாப்டிஸ்ட் சபை ஏன் பரவவில்லை என்பதற்கும் இந்த வரலாற்றில் விடை இருக்கிறது. லுத்தரனும் ஆங்கிலிக்கனும் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். சபைக்கு மேலே ஒரு நிர்வாகம் இருக்கும். பாப்டிஸ்டுகள் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பெரியவரையே தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். இந்தியாவில் அவர்கள் பணிக்குக் கால்கோள் இட்டவர் வில்லியம் கேரி. 1793இல் வங்காளம் வந்த அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் பணிசெய்ய விடவில்லை. 1800இல் ஹூக்ளிக்கரையில் இருந்த டேனியர் குடியேற்றமான ஸ்ரீராம்பூருக்குப் போனார். அங்கே அடைக்கலம் கொடுத்த ஆளுநர் ஓலே பீ, முன்பு தரங்கம்பாடியில் இருந்தபோது சுவார்ட்ஸின் பிரசங்கத்தைக் கேட்டவர். ஆங்கிலேயர் துரத்திய பாப்டிஸ்டுகளுக்கு வீடு கொடுத்ததும் அதே டேனிய மகுடந்தான். ஸ்ரீராம்பூரிலும் பள்ளியும் அச்சகமும் எழுந்தன. 1818இல் கல்லூரி தொடங்கி, 1827இல் டேனிய அரசரிடம் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் பெற்றது. அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1830களில் பணி தொடங்கி, 1840இல் நெல்லூருக்குப் போய்த் தெலுங்கு நாட்டில் பெருகினார்கள். கீழ்த்தஞ்சையில் லுத்தரனும் தஞ்சை நகரைச் சுற்றி ஆங்கிலிக்கனும் முன்பே வேரூன்றியிருந்த இடத்தில் அவர்களுக்கு இடம் மிஞ்சவில்லை.

19ஆம் நூற்றாண்டு தரங்கம்பாடிக்குச் சரிவின் நூற்றாண்டு. நெப்போலியன் போர்களில் டென்மார்க் எதிரணியில் நின்றதால் ஆங்கிலேயர் 1808இல் ஊரைக் கைப்பற்றிப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். வணிகம் குன்றியது. ஹாலேயிலும் பழைய ஆர்வம் மங்கிப் புதுப் போதகர் வரவு நின்றது. 1820களில் தஞ்சை, திருச்சிச் சபைகள் எஸ்.பி.ஜி. சங்கத்தின் கைக்குப் போய் ஆங்கிலிக்கன் ஆயின. தரங்கம்பாடியின் கடைசிப் பழைய போதகர் கெம்மரர் 1837இல் இறந்தார். 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் மற்ற குடியேற்றங்களோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது.

கோயிலை விற்பனையில் சேர்க்கவில்லை. 1840 அளவில் லுத்தரன் போதகர் கார்தேஸ் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். ஜெர்மானிய லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷன் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பழைய பணியின் உடைமைகளையும் சபைகளையும் ஏற்றுக்கொண்டது. அதன் தலைவர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் லத்தீனிலும் பெயர்த்தார். தமிழ் அறநூல்களில் சீகன்பால்கு காட்டிய ஈடுபாடு நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது இவர் வழியாகத்தான்.

லைப்சிக் மிஷன் வரும் முன்பே சாதிச் சிக்கல் வெளிப்படையாக வெடித்திருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் ஏற்கவில்லை; வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்குச் சார்பாகவே வாதாடினார். பெரும் புலவர் என்பதால் அவர் நின்ற பக்கத்தை மறைக்க முடியாது. விலகியவர்களில் பலர் பின்னர், சாதியைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்ட லைப்சிக் சபையில் சேர்ந்தார்கள். லைப்சிக் போதகர்களுக்குள்ளேயே இதைப் பற்றிப் பிளவு எழுந்தது. கிரௌல் படிப்படியான மாற்றம் போதும் என்றார்; மற்றவர் சிலர் எதிர்த்து விலகினார்கள். 1733இல் இராஜநாயக்கனை ஒதுக்கிய முடிவுக்கும் இந்த விவாதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வழக்கத்தை நோகடிக்காமல் விட்டதால் சபை எண்ணிக்கையில் வளர்ந்தது. உள்ளே ஒரு முள் தங்கிவிட்டது.

முதல் உலகப்போர் இந்தச் சபைக்கு எதிர்பாராத விதத்தில் ஒரு திருப்பம் கொடுத்தது. ஜெர்மானியர் பகை நாட்டினர் என்று பிரிட்டிஷ் அரசு அவர்களைக் காவலில் வைத்து, பின்னர் நாட்டைவிட்டு அனுப்பியது. சுவீடன் சபைப் போதகர்கள் பொறுப்பை ஏற்றார்கள். ஐரோப்பியத் துணை எந்த நேரமும் அறும் என்பது தெரிந்த பின், தமிழ்ச் சபை தனக்கென்று ஒரு நிர்வாகம் கொள்ளத் தாமதிக்கவில்லை. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1921இல் சுவீடன் நாட்டவரான ஏர்ன்ஸ்ட் ஹேமன் அதன் முதல் பேராயரானார். 1956இல் ராஜா பி. மாணிக்கம் பேராயரானபோது அந்தப் பதவிக்கு முதல் தமிழர் வந்தார். ஆரோன் போதகரானதிலிருந்து அந்த நாள் வரை இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மிக நீண்ட காத்திருப்பு அது. தஞ்சை, திருச்சி ஆங்கிலிக்கன் சபைகள் 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. லுத்தரன் சபை தனியே நின்றது. தரங்கம்பாடியைத் தாயாகக் கொண்ட இரு மரபுகள் இப்படி இரண்டாகவே இன்றும் டெல்டாவில் வாழ்கின்றன. பல ஊர்களில் ஒரே தெருவில் இரு கோயில்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

லுத்தரன் சபையின் தலைமையகம் திருச்சிக்கு வந்துவிட்டது. அதன் கட்டிடத்துக்கு இட்ட பெயர் தரங்கைவாசம். பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். பொறையாறில் 1972இல் தொடங்கிய கல்லூரிக்கு மாணிக்கத்தின் பெயர் இடப்பட்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986இல் நின்றது. ஊர் மேலும் ஒதுங்கியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பை அழித்தது. ஊரில் ஏராளமானோர் இறந்தார்கள். ஆலயம் தப்பியது. 2006இல் சீகன்பால்கு வந்து இறங்கிய முந்நூறாம் ஆண்டும், 2018இல் ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டும் கொண்டாடப்பட்டன. அவர் கல்லறை உள்ள அந்தக் கோயிலில் ஞாயிறுதோறும் தமிழில் வழிபாடு நடக்கிறது.